குட்டிகளைக் கொண்டுபோய் விட்டதும் பூனை மறுபடி கத்துவது ஏன்? தாய்ப்பூனையின் உடலுக்குள் நடப்பவை

புளியங்கூடலில் பூனை குட்டி போட்டால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். குட்டிகள் கண் திறக்கும்வரை பொறுப்பார்கள். சிலர் அதுவரையும் பொறுப்பதில்லை. பிறகு உரப்பைக்குள்ளோ பிஸ்கற் பெட்டிக்குள்ளோ போட்டு, சந்தையடியிலோ கோயிலடியிலோ ஆளில்லாத வளவொன்றிலோ இறக்கிவிட்டு வருவார்கள். அப்படிச் செய்கிறவர்களைக் கொடுமைக்காரர் என்று சொல்ல நான் வரவில்லை. மீன் விலை இருக்கிற இருப்பில் ஒரு பூனைக்குச் சோறு வைப்பதே பெரிய காரியம்; நாலு குட்டியையும் சேர்த்து யார் வளர்ப்பது? "உது ஓயாமல் போட்டுக்கொண்டே இருக்குது, நான் என்ன செய்ய?" என்று கேட்கிற ஆச்சியிடம் சட்டென்று சொல்ல ஒரு பதிலும் இருப்பதில்லை.

ஆனால் அதற்குப் பிறகு நடப்பதைக் கவனித்தவர்கள் குறைவு. தாய்ப்பூனை இரண்டு மூன்று நாள் வளவைச் சுற்றித் தேடிக் கத்தும். பிறகு அடங்கிவிடும். ஒன்றிரண்டு கிழமையில் மறுபடி கத்தத் தொடங்கும். இந்தமுறை அது தேடுகிற கத்தல் அல்ல. நிலத்தில் உருளும், பின்பக்கத்தை உயர்த்தும், கடுவன் மதிலில் வந்து குந்தும். அதிலிருந்து இரண்டு மாதத்தில் அடுத்த ஈற்று. ஓயாமல் குட்டி போடுகிறது என்பதற்காகக் குட்டிகளை அகற்றுகிறோம். அகற்றியதாலேயே அது இன்னும் விரைவாகக் குட்டி போடுகிறது. இதற்கான காரணம் பூனையின் ஓமோன்களில் இருக்கிறது.

ஓமோன் (ஹோர்மோன் என்றும் எழுதுவார்கள்) என்பது ஒரு சுரப்பியில் உண்டாகி, இரத்தத்தோடு போய், உடம்பின் வேறோரிடத்தில் வேலை செய்கிற இரசாயனத் தூது. பூனையின் இனப்பெருக்கத்தில் முதல் தூது வெளிச்சத்திலிருந்து தொடங்குகிறது. பகல் நீளும்போது மூளையில் மெலற்றோனின் சுரப்பது குறையும். அது குறைந்தால் சூலகம் விழித்துக்கொள்ளும். இதனால்தான் கனடாவிலோ நோர்வேயிலோ வாழ்கிற எங்கள் உறவினர் வீட்டுப் பூனைகள், செயற்கை வெளிச்சம் அதிகம் படாதவையாக இருந்தால், மாரியில் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ 11½ மணித்தியாலம். மிக நீண்டது 12¾ மணித்தியாலத்துக்குக் கிட்ட. வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். எங்கள் பூனைகளுக்கு ஓய்வுப் பருவம் என்று ஒன்று சரியாக வாய்ப்பதில்லை. தையிலும் ஆடியிலும் அவை கத்துகிற காரணம் இதுதான்.

அந்தக் கத்தலுக்குப் பொறுப்பு ஈஸ்திரசன். சூலகத்தில் முட்டைகள் முதிரும்போது இது உயரும். பூனை ஐந்தாறு நாள் வேட்கையில் நிற்கும். கடுவன் சேராவிட்டால் தணிந்து, இரண்டு மூன்று கிழமையில் திரும்ப வரும். மாட்டுக்கும் பூனைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான். மாட்டில் முட்டை தன் பாட்டில் வெளியேறும். பூனையில் பெரும்பாலும் இணைசேர்க்கைதான் முட்டையை வெளியேற்றுகிறது. கடுவனின் உறுப்பில் சிறிய முட்கள் உண்டு. அவை ஏற்படுத்துகிற உறுத்தல் நரம்பு வழியாக மூளையின் பரிவகக்கீழுக்குப் போக, கபச்சுரப்பி சில நிமிடங்களிலேயே லூட்டினாக்கும் ஓமோனைப் பெருமளவில் விடும். ஒருதரம் சேர்ந்தால் சிலவேளை போதாது, பலதரம் சேர்ந்தால் அந்த அலை போதிய உயரத்துக்கு எழும். ஒன்று இரண்டு நாளில் முட்டைகள் வெளிவரும். ஒரே ஈற்றில் ஒரு கறுப்பும் ஒரு மஞ்சளும் ஒரு புள்ளியும் பிறப்பதைப் பார்த்து ஊரில் சிரிப்பார்கள். அந்தக் குட்டிகளுக்குத் தகப்பன்மார் வெவ்வேறாக இருக்கவும் இடமுண்டு.

முட்டை வெளியேறிய இடத்தில் மஞ்சட்சடலம் உருவாகிப் புரொஜெஸ்தரோனைச் சுரக்கத் தொடங்கும். கருவைத் தாங்குகிற ஓமோன் இது. கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்து, அதன் தசையை அசையாமல் வைத்திருக்கும். கரு தங்காவிட்டாலும் புரொஜெஸ்தரோன் சுமார் 40 நாள்வரை நிற்கும். அந்தக் காலத்தில் பூனை கத்தாது, கடுவனை அண்டாது, வீட்டார் வயிறு வைத்திருக்கிறது என்று நினைப்பார்கள். பிறகு ஒன்றுமில்லாமல் மறுபடி கத்தும். "குட்டியைத் தின்னிட்டுது போல" என்று பூனையின் தலையில் பழி விழுவதும் உண்டு. அது பொய்ச்சினை, அவ்வளவுதான்.

கரு தங்கிவிட்டால் மூன்றாம் கிழமையில் முலைக்காம்புகள் சற்றுப் பருத்து இளஞ்சிவப்பாகும். வீட்டில் இருந்தபடியே கண்டுபிடிக்கக்கூடிய முதல் அடையாளம் அதுதான்; முதன்முறை வயிறு வைக்கிற பூனையில் நன்றாகத் தெரியும். நாலாம் கிழமை அளவில் சூல்வித்தகம் ரிலக்சின் என்ற ஓமோனைச் சுரக்கிறது. பொய்ச்சினையில் இது வராது. ஆகவே இரத்தத்தில் ரிலக்சின் இருந்தால் மெய்யான சினை என்று மிருக வைத்தியர்கள் முடிவு செய்வார்கள். இடுப்பெலும்பு மூட்டுகளின் இணையங்களைத் தளர்த்தி, குட்டி வெளிவர வழி செய்வதும் இதுவே. சினையின் பிற்பாதியில் கபச்சுரப்பியிலிருந்து புரோலக்ரின் ஏறத் தொடங்கும். மஞ்சட்சடலத்தைக் கடைசிவரை தாங்கிப் பிடிப்பதோடு, முலைகளைப் பாலுக்குத் தயார்ப்படுத்துவதும் அதன் வேலை.

பெட்டை நாய்க்குச் சினையின் கடைசிப் பகுதியில்தான் நிறை ஏறும். பூனைக்கு முதலிரண்டு கிழமையிலிருந்தே சீராக ஏறிக்கொண்டு போகும். குட்டி அப்போது கடுகளவுதான் இருக்கும். ஏறுவது கொழுப்பு, பால் கொடுக்கும் காலத்துக்காக உடம்பு முன்கூட்டியே சேமிக்கிறது. ஈன்ற பிறகும் பூனை தன் பழைய நிறைக்குத் திரும்பாது. அந்தச் சேமிப்பைப் பாலாகக் கரைத்துக் கரைத்துத்தான் மெலியும். வயிறு வைத்த பூனைக்கு வெறும் பாலும் சோறும் வைத்தால் சேமிக்க ஒன்றுமிராது. பூனை ஊன் உண்ணி. சூடையோ கீரியோ நாலைந்து, அவித்து முள் எடுத்துச் சோற்றோடு பிசைந்து வைப்பது நல்லது. பச்சை மீனை மட்டுமே தினமும் போடுவது கூடாது. அதிலுள்ள ஒரு நொதியம் தயமின் என்கிற உயிர்ச்சத்தை அழித்துவிடும். அவித்தால் அந்த நொதியம் செயலிழக்கும்.

சினை சராசரியாக 65 நாள், முன்பின் இரண்டு மூன்று நாள். முடிவில் புரொஜெஸ்தரோன் சரிகிறது. குட்டிகளின் உடலிலிருந்து கோட்டிசோலும் கருப்பையிலிருந்து புரொஸ்ரகிளாண்டினும் எழுகின்றன. இத்தனை நாளும் அடங்கியிருந்த தசை இப்போது அசையலாம். அதை அசைப்பது ஒட்சிற்றோசின்.

இந்த ஓமோனின் கதை ஒரு பூனையிலிருந்தே தொடங்கியது என்பதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1906இல் இங்கிலாந்தில் ஹென்றி டேல் என்ற ஆய்வாளர் வேறொரு மருந்தைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தபோது, கபச்சுரப்பியின் சாறு ஒரு சினைப்பூனையின் கருப்பையைச் சுருங்கச் செய்வதைக் கண்டார். அடுத்த சில ஆண்டுகளில் அதே சாறு முலையிலிருந்து பாலை இறக்குவதும் தெரியவந்தது. கிரேக்க மொழியில் விரைவான பிரசவம் என்று பொருள்படும் பெயரே அதற்கு நிலைத்தது. 9 அமினோ அமிலங்களால் ஆன அந்தச் சிறிய மூலக்கூற்றை அமெரிக்காவில் வின்சென்ற் டூ வின்யோ 1953இல் ஆய்கூடத்தில் தயாரித்தார். 1955இல் அவருக்கு இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் பெண்களுக்குப் பிரசவ அறையில் சேலைனோடு ஏற்றுகிற வலி மருந்து அதுதான். பிள்ளை பிறந்ததும் இரத்தப்போக்கை அடக்கப் போடுகிற ஊசியும் பெரும்பாலும் அதுதான். எத்தனையோ தாய்மாரைப் பிழைக்க வைத்த மருந்துக்கு வழிகாட்டியது பெயர் தெரியாத ஒரு சினைப்பூனை.

ஈனும்போது பூனைக்கு வேண்டியது இருட்டும் அமைதியும். பயம் வந்தால் அதிரனலின் ஏறும். அதிரனலின் ஏறினால் ஒட்சிற்றோசினின் வேலை தடைப்படும். ஈன்றுகொண்டிருக்கும் பூனையைப் பிள்ளைகள் சூழ்ந்து நின்றால், இரண்டு குட்டி போட்டபடி நிறுத்திவிட்டு, எழுந்து போய், மணித்தியாலக் கணக்கில் கழித்து வேறிடத்தில் மிகுதியைப் போடுவதுண்டு. அது ஓய்வெடுத்துக்கொண்டிருந்தால் பயமில்லை. முக்கி முக்கி அரை மணித்தியாலமாகியும் குட்டி வராவிட்டால், அல்லது பச்சையாகவோ துர்நாற்றத்தோடோ நீர் போனால், வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். நச்சுக்கொடியைத் தாய் தின்றுவிடும். பசுவின் இளங்கொடியைப் பொதியாகக் கட்டி ஆலமரத்தில் தூக்குகிற ஊர்க்காரர் நாங்கள். பூனை அந்த வேலையைத் தானே முடித்துக்கொள்கிறது. தடுக்கத் தேவையில்லை.

பால் கொடுப்பது இரண்டு ஓமோன்களின் கூட்டு வேலை. புரோலக்ரின் பாலை உண்டாக்குகிறது. ஒட்சிற்றோசின் உண்டான பாலை இறக்குகிறது. குட்டி வாய்வைத்து, இரண்டு முன்காலாலும் மாறிமாறி முலையை அமத்தும்போது, நரம்பு வழியாகச் செய்தி மூளைக்குப் போய் இரண்டும் சுரக்கும். குட்டி உறிஞ்சாவிட்டால் இரண்டும் குறையும். பால் தாயின் விருப்பத்தில் மட்டும் வருவதில்லை, குட்டியின் வாயும் அதை வரவழைக்கிறது. இந்த ஒரு செய்தியை மனதில் வைத்திருங்கள். முதலில் கேட்ட கேள்விக்கான விடை இதில்தான் இருக்கிறது.

பயத்துக்கும் பாலுக்கும் உள்ள தொடர்பு பூனைக்கு மட்டும் உரியதல்ல. இடப்பெயர்வுக் காலத்தில், பங்கருக்குள்ளும் கோயில் மண்டபங்களிலும் இருந்த தாய்மார் "பயத்தில பால் வரேல்லை" என்று சொன்னதை எங்களில் பலர் கேட்டிருக்கிறோம். சிலருக்கு அது தங்கள் குற்றம் போலவும் பட்டிருக்கிறது. குற்றமில்லை. பால் முலையில் இருந்தாலும் பயத்தில் ஒட்சிற்றோசின் அடங்கிவிட்டால் இறங்காது. அமைதி கிடைத்து, பிள்ளை தொடர்ந்து உறிஞ்சினால் பலருக்கு அது திரும்ப இறங்கும். பட்டினியும் தண்ணீர்த் தட்டுப்பாடும் சேர்ந்திருந்தால் அது வேறு துன்பம்.

ஈன்ற பூனை சீறுவதும் இந்த ஓமோன்களோடு சேர்ந்ததே. மடியில் கிடந்த பூனை அடுத்த வீட்டு நாயின் மூக்கைக் கிழிக்கும். வீட்டாரையும் பிறாண்டும். குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு இடம் மாற்றும். ஏழு இடம் மாற்றும் என்பது ஊர்ப்பேச்சு. எண்ணிக்கையில் உண்மையில்லை, ஆளின் கை அடிக்கடி பட்டால், வெளிச்சம் விழுந்தால், கடுவன் மோப்பம் பிடித்தால் மாற்றும். தீவகத்தில் 1990இல் தொடங்கிய இடப்பெயர்வுக்குப் பிறகு உடையவர் திரும்பாத வீடுகள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் நிற்கின்றன. கூரை போன அறையின் மூலை, பற்றை மூடிய அடுப்படி, இவைதான் எங்கள் பூனைகளின் பிரசவ அறைகள். அங்கே கண்டால் தொடாமல் விடுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். விசர்நோய் நாயால் மட்டும் வருவதென்று நினைக்கக்கூடாது. பூனையாலும் வரும்.

பால் கொடுக்கும் காலத்தின் பெரிய ஆபத்து கல்சியம் இறங்குவது. பாலோடு கல்சியம் போய்க்கொண்டே இருக்கும். அதை எலும்பிலிருந்து எடுத்து இரத்தத்துக்குக் கொடுப்பது கழுத்திலுள்ள பராத்தைரொயிட் சுரப்பியின் ஓமோன். நாலைந்து குட்டி வாய்வைக்கும்போது சில பூனைகளில் அந்தச் சுரப்பியால் ஈடுகொடுக்க முடிவதில்லை. பூனை நிலையின்றி அலையும், மூச்சு வாங்கும், கால் விறைக்கும், உடம்பு நடுங்கும், பிறகு வலிப்பு. பெரும்பாலும் ஈன்று முதல் நாலு கிழமைக்குள் வரும். இது காலையில் பார்ப்போம் என்று விடக்கூடிய நோய் அல்ல. வைத்தியர் நாளத்தில் மெதுவாகக் கல்சியம் ஏற்றினால் பிழைக்கும். இதைக் கேட்டதும் சினைக்காலத்திலேயே கல்சியக் குளிசை கொடுக்கலாமே என்று தோன்றும். அது தலைகீழ் வேலை. வெளியிலிருந்து தாராளமாகக் கிடைத்தால் பராத்தைரொயிட் சோம்பிவிடும். பால் இறங்கி உண்மையான தேவை வருகிற நாளில் அதனால் எழும்ப முடியாது. நல்ல சாப்பாடு போதும். பால் கொடுக்கும் பூனைக்கு வழமையைவிட இரண்டு மூன்று மடங்கு உணவு வேண்டும், பக்கத்தில் எப்போதும் தண்ணீர் வேண்டும். மாசியிலிருந்து எங்கள் கிணறுகள் உவர்க்கத் தொடங்கினால் அதற்கும் நல்ல தண்ணீர் தேடித்தான் வைக்க வேண்டியிருக்கும்.

இனி, குட்டிகளை அகற்றும்போது நடப்பதைப் பார்ப்போம். குட்டிகள் உறிஞ்சிக்கொண்டிருக்கும்வரை புரோலக்ரின் உயர்ந்து நிற்கிறது. அது உயர்ந்து நின்றால் மூளையிலிருந்து சூலகத்துக்குப் போகிற கட்டளை தணிந்துபோகும், புது முட்டைகள் முதிரா, பூனை கத்தாது. குட்டிகளை எடுத்துவிட்டால் உறிஞ்சல் நிற்கிறது, புரோலக்ரின் விழுகிறது, தடை நீங்குகிறது, சூலகம் விழிக்கிறது. ஒன்று முதல் மூன்று கிழமைக்குள் ஈஸ்திரசன் ஏறிவிடும். தாயின் உடம்பைப் பொறுத்தவரை குட்டிகள் செத்துவிட்டன, மறுபடி முயல வேண்டும். தீவகத்தின் நீண்ட பகல் அதற்குத் துணை.

ஒரு பருமட்டான கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சினை 65 நாள். குட்டிகளை உடனே அகற்றினால், இரண்டு கிழமையில் மறுபடி பிடிக்கிறது என்று வைத்தாலும் 80 நாளுக்கு ஓர் ஈற்று, ஆண்டுக்கு நாலு. குட்டிகள் எட்டுக் கிழமை குடித்து, அதற்கு மேல் மூன்று கிழமையில் பூனை வேட்கைக்கு வந்தால் 140 நாளுக்கு ஓர் ஈற்று. ஆண்டுக்கு இரண்டு, சிலவேளை மூன்று. தூக்கிக்கொண்டுபோய் விடுகிறவர்தான் கூடக் குட்டிகளைக் காண்கிறார். இடையில் தாய் சேமித்த கொழுப்பும் கல்சியமும் திரும்ப நிரம்புவதில்லை. மூன்றாம் நாலாம் ஈற்றில் எலும்பும் தோலுமாகிவிடும்.

"அப்ப பால் குடுக்கேக்க திரும்ப வயித்தில தங்காது எல்லே?" என்று ஒரு அக்கா கேட்டார். தங்காது என்று நம்பியிருக்க முடியாது. புரோலக்ரின் போடுகிற தடை முழுத்தடை அல்ல. ஈன்று ஒரு கிழமை, பத்து நாளிலேயே வேட்கைக்கு வருகிற பூனைகளும் உண்டு. குட்டிகள் சோறு மீன் தின்னப் பழகி, உறிஞ்சுவது குறைகிற ஐந்தாறாம் கிழமையில் தடை இன்னும் தளரும். அந்த நாட்களில் தாயை வீட்டுக்குள் வைத்திருக்க முடிந்தால் வைத்திருப்பது நல்லது.

குட்டிகளை ஒரேயடியாக எடுப்பதில் இன்னொரு கெடுதியும் உண்டு. குடிக்க ஆளில்லாமல் பால் முலையில் தேங்கி, கட்டி, கிருமி பிடித்து, முலை சிவந்து கொதிக்கும். பூனை சாப்பிடாது, காய்ச்சலாய்ப் படுத்துவிடும். குட்டிகள் ஏதோ காரணத்தால் செத்துப்போய் இப்படியானால், பாலைக் கறந்துவிட வேண்டாம். கறந்தால் அதுவும் உறிஞ்சல் என்று உடம்பு எண்ணி இன்னும் சுரக்கும். சாப்பாட்டைச் சில நாள் மட்டாக்கினால் பால் தானாக வற்றும். முலை கொதித்தால் வைத்தியர்தான். தாயில்லாத குட்டிக்குப் பசுப்பாலோ கரைத்த பால்மாவோ பருக்குவது வயிற்றோட்டத்தில் முடியும். பூனைப்பாலில் புரதம் பசுப்பாலைவிட இரண்டு மடங்குக்குக் கிட்ட. அந்த வித்தியாசத்தைத் தண்ணீர் கலந்து ஈடுசெய்ய முடியாது.

பார்மசியில் வாங்குகிற கருத்தடைக் குளிசையை மீனுக்குள் வைத்துக் கொடுக்கிறவர்களும், எங்கோ கேட்டு ஊசி போடுவிக்கிறவர்களும் உண்டு. இவற்றில் இருப்பது செயற்கைப் புரொஜெஸ்தரோன் வகை. சில மாதம் பூனை கத்தாது, உண்மைதான். ஆனால் புரொஜெஸ்தரோன் கருப்பைச் சுவரைத் தடிப்பாக்குகிறது, கிருமியை எதிர்க்கிற சக்தியைக் குறைக்கிறது. கருப்பை சீழ்ப்பிடித்துப் பூனை சாகிற நிலைக்குப் போகலாம். சில இளம் பூனைகளுக்கு முலைகள் நிலத்தில் முட்டுமளவுக்கு வீங்கும். முலைப் புற்றுநோய்க்கும் நீரிழிவுக்கும் இது வழி. ஏற்கெனவே சினையாக இருந்த பூனைக்குப் போட்டால், ஈனும் நேரத்தில் சரிய வேண்டிய ஓமோன் சரியாமல் நிற்க, குட்டிகள் உள்ளேயே செத்துவிடும்.

எஞ்சியிருப்பது சத்திரசிகிச்சை. சூலகத்தையும் கருப்பையையும் எடுத்துவிட்டால் ஈஸ்திரசனுமில்லை, கத்தலுமில்லை. குட்டிகள் எட்டுக் கிழமை குடித்து முடித்து, பால் வற்ற இரண்டு கிழமை விட்டுச் செய்வது வசதியான காலம். ஆனால் பிடிபடாத பூனை ஒன்று கையில் அகப்பட்டுவிட்டால், அது பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும் வைத்தியர் செய்யலாம். பால் வற்றிவிடுமே என்று பயப்படத் தேவையில்லை. புரோலக்ரினும் ஒட்சிற்றோசினும் வருவது மூளையடியிலுள்ள கபச்சுரப்பி வழியாக, சூலகத்திலிருந்து அல்ல. மயக்கம் தெளிந்து வந்த பூனை குட்டிகளுக்குத் தொடர்ந்து பால் கொடுக்கும். குட்டிகளை அதுவரை சூடான இடத்தில் வைத்திருங்கள். பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் போகத்தான் வேண்டுமென்றால், ஒழுங்கையில் நாலு வீட்டார் சேர்ந்து ஒரே ஓட்டோவில் நாலு பூனையைக் கொண்டுபோகலாம். முதலில் தொலைபேசியில் கேட்டு நாள் எடுத்துவிட்டு, முதல்நாள் இரவு எத்தனை மணியுடன் சாப்பாட்டை நிறுத்துவதென்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குட்டிகளில் பெட்டை எது என்று பார்த்து வைப்பதும் நல்லது. நாலாம் ஐந்தாம் மாதத்திலேயே அவற்றில் சிலது கத்தத் தொடங்கிவிடும்.